கூடு வைத்தும் பறவை வரவில்லையா? வடசென்னைக்கான பிழை நீக்கும் வழிமுறை

வடசென்னையில் இடிப்பதும் கட்டுவதும் ஓய்வதில்லை. வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் நாட்டு ஓட்டு வீடுகள் போய் அடுக்குமாடிகள் வருகின்றன. மாதவரத்திலிருந்து கிளம்பும் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பாதைக்காகச் சாலையோர மரங்கள் வெட்டப்பட்டன. எண்ணூரில் உப்பளமும் சதுப்பும் அனல் மின் நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் சாம்பல் குளங்களுக்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. இடம் பறிபோன பறவைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிப்பவர்களும் இங்கே நிறையப் பேர். கூடு மாட்டுகிறார்கள், கன்று நடுகிறார்கள், ஏரி நடுவே திட்டு எழுப்புகிறார்கள். அப்புறம்தான் கேள்வி வருகிறது: "எல்லாம் செய்தோமே, ஏன் ஒன்றும் வரவில்லை?"

இதற்கு ஒரே பதில் கிடையாது. உங்கள் இடத்தில் என்ன நடக்கிறதோ அந்த அறிகுறியைக் கீழே தேடி அங்கிருந்து படியுங்கள். அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவான ஒரு வேலை இருக்கிறது.

பழைய இடம் பறவைக்கு என்னென்ன கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முட்டையிடப் பொந்து மட்டும்தானா? குஞ்சுக்குப் புழு, இரவில் அடைய மரம், குடிக்கவும் குளிக்கவும் நீர், வல்லூறு வந்தால் ஒளியப் புதர், இவையும் அங்கே இருந்திருக்கும். நாம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் திருப்பித் தருகிறோம், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை. வாடகைக்கு வீடு பார்க்கிறவர் அறையின் அளவைக் கேட்பதற்கு முன் தண்ணீர் வருமா என்றுதான் கேட்பார். பறவையும் அப்படித்தான். கூடு வைப்பது கடைசி வேலை, முதல் வேலை இரை.

மரக்கூடு மாட்டி மாதங்கள் ஆகின்றன, சிட்டுக்குருவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை

முதலில் கூட்டை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டருக்குள் குருவிச் சத்தம் கேட்கிறதா? சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது. பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. குருவியே இல்லாத பகுதியில் தனியாக ஒரு பெட்டியைத் தொங்கவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் காலியாகத்தான் தொங்கும்.

அதனால் குருவி இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே ஆரம்பிக்க வேண்டும். அரிசி மண்டி, பழைய மளிகைக் கடை, ரேஷன் கடை வாசல், இந்த மாதிரி இடங்களில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். கடை ஷட்டர் சுருளும் பெட்டி, மின் மீட்டர் பெட்டி, சுவரில் விட்டுப்போன சாரத்து ஓட்டை என்று வாயில் வைக்கோலுடன் எதற்குள்ளாவது நுழைவது தெரியும். அந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றால், இடிப்பதற்கு முன்பே அதே தெருவில், பார்வைக்கு எட்டும் தூரத்தில் கூடுகளை மாட்டிவிட வேண்டும். இடித்த பிறகு மாட்டினால் கூட்டம் சிதறிப் போயிருக்கும். காலம் தவறுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. கட்டுநரிடம் ஒரு வார்த்தை பேசினால், முட்டையிருக்கும் ஒரு சுவரைக் கடைசியில் இடிக்கச் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டால்தானே தெரியும்.

குருவி பக்கத்தில் இருக்கிறது, ஆனாலும் வரவில்லையா? அடுத்துப் பார்க்க வேண்டியது குஞ்சுக்கான இரை. கம்பும் நொய்யும் தூவினால் போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். தாய்க்குருவிக்கு அது ஆகும். பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் மென்மையான புழுவும் பூச்சியும்தான் உணவு, தானியம் செரிக்காது. சிமென்ட் தரையும் டைல்ஸும் மட்டுமே உள்ள தெருவில் புழுவுக்கு எங்கே போகும்? ஒரு அவரைப் பந்தல் போடுங்கள். அவரையில் வந்து அப்பும் அசுவினியை மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள். அது குருவிக்கு விருந்து. முருங்கை, வெண்டை, கத்திரி எதுவானாலும் சரி. மொட்டை மாடியில் பத்துத் தொட்டி வைத்த வீட்டுக்குக் குருவி வருவதும், பத்துக் கூடு மாட்டிய வீட்டுக்கு வராததும் தற்செயல் இல்லை.

கூடவே அடர்ந்த ஒரு செடி வேண்டும். மருதாணி, செம்பருத்தி, காகிதப்பூக் கொடி, கொடுக்காப்புளி வேலி, எதுவானாலும் நெருக்கமாக இருந்தால் போதும். மாலையில் கூட்டமாக உட்கார்ந்து கத்துவதற்கும் பூனையைக் கண்டால் பாய்வதற்கும் அது. ஒரு தட்டில் உலர்ந்த மண், இன்னொன்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீர். குருவி மண்ணிலும் குளிக்கும், நீரிலும் குளிக்கும்.

இவையெல்லாம் இருந்தும் வராவிட்டால் கூட்டை இறக்கி அளந்து பாருங்கள். நுழையும் ஓட்டை 3.2 செ.மீ. விட்டம். அடித்தளம் 12 முதல் 15 செ.மீ. சதுரம். ஓட்டைக்கும் அடித்தளத்துக்கும் இடையில் குறைந்தது 12 செ.மீ., இல்லாவிட்டால் காக்கை அலகை விட்டுக் குஞ்சை எடுத்துவிடும். தரையிலிருந்து எட்டுப் பத்தடி உயரத்தில், கிழக்கு அல்லது வடக்குப் பார்த்து, சன்ஷேடுக்குக் கீழே. வாசலில் உட்காரக் குச்சி வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை, பகைக்குத்தான் உதவும். உள்பக்கம் பெயின்ட் அடிக்கக் கூடாது. ஒரே சுவரில் இரண்டு மூன்று கூடுகளை ஓரடி இரண்டடி இடைவெளியில் மாட்டுங்கள், தனி வீடு இதற்குப் பிடிக்காது. தை மாதத்துக்குள் மாட்டிவிட்டால் மாசிக்குமேல் வரும் பெரிய இனப்பெருக்கப் பருவத்துக்கு முன் அது பறவைக்குப் பழகிவிடும்.

கூடு செய்வது கடினமில்லை. சென்னையில் கூடுகள் என்ற அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளையே மரக்கூடு செய்ய வைத்து வீடு வீடாகக் கொண்டுசேர்க்கிறது. 2024 நவம்பரில் பிரதமரின் வானொலிப் பேச்சில்கூட அது பேசப்பட்டது. தன் கையால் ஆணி அடித்த பிள்ளை அந்தக் கூட்டைத் தினமும் பார்க்கும். கடையில் வாங்கி மாட்டிய கூட்டுக்கு அந்தக் காவல் கிடைப்பதில்லை.

வந்தது, வைக்கோல் சேர்த்தது, பிறகு விட்டுப் போய்விட்டது

இது நல்ல அறிகுறி. இடம் பிடித்திருக்கிறது, ஏதோ ஒன்று விரட்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

எறும்பா என்று முதலில் பாருங்கள். சுவரோடு ஒட்டிய கூட்டுக்கு எறும்பு எளிதாக ஏறும். கம்பியில் தொங்கவிட்டு, கம்பியில் கொஞ்சம் வாஸ்லின் களிம்பு தடவினால் நின்றுவிடும். ஏசியின் வெளிப்பெட்டி பக்கத்தில் இருக்கிறதா? அதன் சூடும் அதிர்வும் போதும். கூடம் அல்லது பால்கனி வழியாகப் பறக்க வேண்டியிருந்தால் மின்விசிறி ஒரு குருவியை அடித்திருக்கலாம். அப்படியென்றால் இணை திரும்பி வராது.

மனிதர்களே காரணமாக இருப்பதும் உண்டு. போன் கேமராவை ஓட்டைக்குள் விட்டுப் படம் எடுப்பவர்கள் வீட்டுக்கு ஒருவர். முட்டை பொரிய சுமார் 12 நாள், குஞ்சு பறக்க அதன்மேல் சுமார் 15 நாள். அந்த ஒரு மாதம் கூட்டைத் தொடாமல், அடியில் துணி உலர்த்தாமல் இருந்தால் போதும். குஞ்சுகள் பறந்த பிறகு பழைய வைக்கோலை எடுத்துவிட்டு உலர வைத்து மறுபடி மாட்டுங்கள். அடுத்த முறை முட்டையிட வரும்.

மைனாவோ அணிலோ கூட்டைப் பிடித்துக்கொண்டது

ஓட்டை பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். 3.2 செ.மீ.யில் மைனா நுழையாது. அணில் கொறித்துப் பெரிதாக்கும், அதற்கு ஓட்டையைச் சுற்றி ஒரு தகரத் தகடு அடித்தால் சரியாகிவிடும்.

ஆனால் மைனாவை வெளியே தள்ளாதீர்கள். அதுவும் பழைய வீட்டுச் சுவரில் பொந்து வைத்திருந்த பறவைதான், அதுவும் இடம் இழந்தது. இந்த முறை அதற்கே விட்டுவிட்டு, குருவிக்கு வேறு சுவரில் சிறிய ஓட்டையுடன் மாட்டுங்கள். சட்டமும் இதைத்தான் சொல்கிறது: 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ சிதைப்பது வேட்டையாடுவதற்குச் சமம்.

குஞ்சுகள் கூட்டுக்குள்ளேயே சாகின்றன

சித்திரை வைகாசியில் மேற்குச் சுவரில் தகரக் கூடோ பிளாஸ்டிக் குழாய்க் கூடோ இருந்தால் அது அடுப்புதான். உடனே நிழலுக்கு மாற்ற முடியாவிட்டால் கூட்டுக்கு மேல் ஓரடி தள்ளி ஒரு சாக்கையோ தட்டியையோ கட்டி நிழல் கொடுங்கள். அடுத்த முறை மரத்தில் செய்யுங்கள், மேல் ஓரத்தில் காற்றுக்கு இரண்டு துளை, அடியில் நீர் வடிய நான்கு துளை.

வடசென்னைக்கே உரிய இன்னொரு காரணம் மாஞ்சா. மாஞ்சா நூலில் காற்றாடி விடுவதற்குத் தடை இருந்தாலும் மாடிகளிலும் மரங்களிலும் நைலான் நூல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. குருவி அதை நார் என்று நினைத்துக் கூட்டில் வைக்கிறது. குஞ்சின் காலில் சுற்றி இறுகி, பறக்கும் வயதில் அது தலைகீழாகத் தொங்கும். வக்காவும் கொக்கும் மரத்தில் சிக்கிச் சாவதும் இதே நூலால்தான். கூடு மாட்டும் குழு, தெருவில் நூல் பொறுக்கும் குழுவாகவும் இருக்க வேண்டும். மாற்றாகத் தேங்காய் நார், உலர்ந்த அறுகம்புல் கொஞ்சம் மாடியில் போட்டு வையுங்கள், எடுத்துக்கொள்ளும்.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட்டாயிற்று, ஆந்தையும் கிளியும் திரும்பவில்லை

திரும்பாது. கன்றில் பொந்து இல்லை. புள்ளி ஆந்தை, பச்சைக்கிளி, மைனா எல்லாம் வயதான மரத்தின் பொந்தில் வாழ்பவை. ஒரு தூங்குமூஞ்சி மரம் கிளை முறிந்து, உளுத்து, பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஏற்கெனவே சென்னையின் பெரிய மரங்களில் ஏராளமானவற்றைச் சாய்த்துவிட்டது. அதில் தப்பி நின்றவற்றைத்தான் இப்போது சாலைக்கும் ரயிலுக்கும் வெட்டுகிறோம்.

உடனடியாகச் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, பட்ட மரத்தை வேரோடு எடுக்கச் சொல்லாதீர்கள். கிளைகளைக் கழித்துவிட்டு அடிமரத்தை ஆள் உயரத்துக்கு இரண்டு பங்காக நிற்க விட்டால் மரங்கொத்தியும் குக்குறுவானும் பொந்து குடையும், பின்னால் மற்றவை குடிவரும். பள்ளி வளாகம், ரயில்வே குடியிருப்பு, கல்லறைத் தோட்டம் போன்ற இடங்களில் இது ஆபத்தில்லாமல் முடியும். இரண்டாவது, வெட்டிய மரத்தின் பொந்துள்ள துண்டையே வாங்கி, பக்கத்தில் நிற்கும் பெரிய மரத்தில் உயரமாகக் கட்டுவது. ஆந்தைக்குப் பலகைப் பெட்டி செய்வதானால் ஓட்டை 7 முதல் 8 செ.மீ. இருக்கட்டும்.

என்ன கன்று நடுகிறோம் என்பதும் முக்கியம். சீக்கிரம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று கோனோகார்ப்பஸை வரிசையாக நட்டால் அதில் நம் பறவைக்குப் பழமில்லை. ஆல், அரசு, அத்தி, நாவல், வேம்பு, இலந்தை வையுங்கள். திருவொற்றியூர், எர்ணாவூர் மாதிரி உப்புக் காற்று அடிக்கும் பக்கம் பூவரசும் புன்னையும் பிழைக்கும்.

பனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பனை உழவாரன் என்ற சிறு பறவை, தொங்கும் பனையோலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு வைக்கிறது. மரத்தை வெட்டாமல் "சுத்தம்" என்று காய்ந்த ஓலைகளை மட்டும் கழித்தாலும் அதன் குடும்பம் போய்விடும். பெட்டி வைத்து இதற்கு ஈடு செய்ய முடியாது. பனைக்கு மாற்று பனைதான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. மணலி புதுநகர், மீஞ்சூர் பக்கம் மனைப்பிரிவு போடும் இடங்களில் அதை எடுத்துச் சொல்லப் பயப்படாதீர்கள். தூக்கணாங்குருவிக்கும் அதே மரம் வேண்டும், கூடவே நீளமான புல் கிழிக்க நாணலோ நெல்வயலோ. பழைய தூக்கணாங்குருவிக் கூடுகளைச் சேகரித்து மரத்தில் கட்டுவதால் பயன் இல்லை. ஆண் குருவி தானே நெய்து காட்டினால்தான் பெட்டை சம்மதிக்கும்.

ஏரியைத் தூர்வாரி அழகாக்கினோம், நீர் நிறைய இருக்கிறது, பறவைகள் குறைந்துவிட்டன

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ரெட்டேரி, கொரட்டூர், மாதவரம், மணலி, கடப்பாக்கம் என்று எந்த ஏரிக்கரையில் நின்றாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கரையில் நின்று எந்தப் பறவை மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி மட்டும் இருந்தால் ஏரி ஆழமாகிவிட்டது என்று பொருள். அவை மூழ்கியும் நீந்தியும் இரை தேடுபவை. காணாமல் போனவை காலை ஊன்றி நிற்பவை. சிறு உள்ளான்களுக்கு ஈரச் சேறு, அதிகம் போனால் நான்கைந்து செ.மீ. நீர். மடையானுக்கும் சின்னக் கொக்குக்கும் பத்துப் பதினைந்து. நெடுங்கால் உள்ளானுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சங்குவளை நாரை கால் முட்டி நனையும் ஆழத்தில் அலகைத் திறந்து துழாவும். ஜேசிபி வைத்துக் கிண்ணம் மாதிரி தோண்டி, செங்குத்தான கரைக்குக் கல் பதித்துவிட்டால் இவற்றில் ஒன்றுக்கும் நிற்க இடமில்லை.

வேலை இன்னும் முடியவில்லை என்றால் இப்போதே பேசுங்கள். வெள்ளக் காலத்தில் கொள்ளளவு வேண்டும் என்பார்கள், அது நியாயம்தான். ஆழத்தை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளட்டும். வரத்துக் கால்வாய் வந்து சேரும் பக்கம் இயல்பாகவே வண்டல் படியும், அந்த மூலையைத் தோண்டாமல் விடச் சொல்லுங்கள். கரை அங்கே பத்தடிக்கு ஓரடி என்ற அளவில் மெல்ல இறங்கட்டும். வேலை முடிந்துவிட்டதென்றால், அடுத்த முறை அள்ளும் மண்ணை லாரியில் ஏற்றாமல் ஒரு மூலையில் உள்பக்கமாகவே சரித்துப் போட்டு ஆழமில்லாத மேடை உண்டாக்கலாம். கல் பதித்த கரையின் மேல் இப்படி மண் சரித்தாலும் இரண்டு மழைக்குப் பிறகு கோரை பிடித்துக்கொள்ளும்.

மதகைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்ந்த பிறகு நீர் மெல்ல மெல்ல இறங்கி, தை மாசி பங்குனியில் ஓரங்களில் சேறு தெரிய வேண்டும். வலசை வரும் பறவைகள் இங்கே இருக்கும் காலம் அதுதான், ஊர் திரும்புமுன் கொழுப்புச் சேர்க்கும் காலமும் அதுதான். வருடம் முழுக்க ஒரே மட்டத்தில் நீர் நிற்க வேண்டும் என்று படகுச் சவாரிக்காக மதகை அடைத்து வைத்தால் பறவைக்கு அது காலியான தட்டு.

அடுத்தது நடைபாதை. காலையில் நடக்கும் பெரியவர்களுக்கு ஏரிக்கரை ஒரு வரம், அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பாதை ஏரியை முழுசாகச் சுற்றினால் பறவைக்கு மனிதன் வராத கரை ஒன்றும் மிஞ்சாது. மூன்றில் ஒரு பங்குக் கரையைப் பாதை இல்லாமல், விளக்கு இல்லாமல், முள்வேலியோ புதரோ வைத்து விட்டால் போதும். மற்ற பக்கத்து விளக்குகளின் வெளிச்சம் நீரில் விழாமல் கீழ்நோக்கி இருக்கட்டும்.

ஆகாயத்தாமரை ஏரியை மூடியிருந்தால் எடுத்தே ஆக வேண்டும். சம்பும் கோரையும் அப்படியல்ல. நீலத் தாழைக்கோழியும் தாழைக்கோழியும் அதற்குள்தான் முட்டையிடும். மொத்தமாக வாரி எறியாமல், பாதியை விட்டுப் பாதியை எடுங்கள், அதுவும் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

நடுவே திட்டு அமைத்தோம், ஒரு கூடும் இல்லை

திட்டு கரையிலிருந்து எவ்வளவு தூரம், கோடையில் நாய் நடந்தே போய்விடுமா என்று பாருங்கள். போகுமென்றால் எந்தப் பறவையும் அங்கே முட்டையிடாது. திட்டைச் சுற்றிக் கடைசிவரை வற்றாத ஒரு பள்ளம் வேண்டும். பிறகு மரம். அலங்காரப் பனையும் புல்தரையும் நாரைக்கு எதற்கு? வேடந்தாங்கலில் நாரைகளும் கொக்குகளும் கூடு வைப்பது நீரில் நிற்கும் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும். இங்கே நான் சொல்வது நாட்டுக் கருவேலம், சீமைக்கருவேலம் அல்ல. நட்டுச் சில வருடம் பொறுங்கள். திட்டின் ஒரு பகுதியை மரமே இல்லாமல் வெறும் மண்ணும் சரளையுமாக விட்டால் ஆள்காட்டிப் பறவைக்கு அது போதும்.

வேடந்தாங்கலில் 1798லேயே ஊர்மக்கள் வெள்ளைக்காரக் கலெக்டரிடம் போய், சிப்பாய்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பறவையால் ஊருக்கு ஒரு நன்மை, ஊரால் பறவைக்கு ஒரு காவல். உங்கள் ஏரியில் அந்த உறவு எது என்று தேடுங்கள்.

பறவைகள் வந்தன, ஆனால் செத்து மிதக்கின்றன

உடனே எல்லா ஈர்ப்பு வேலையையும் நிறுத்துங்கள். கோடையில் நீர் தேங்கி அழுகும்போது நச்சுக் கிருமியால் வாத்துகளும் உள்ளான்களும் கால் கழுத்து தளர்ந்து விழும். இறந்தவற்றைக் கையுறை போட்டு அகற்றிக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். கழிவுநீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் பறவையைக் கூப்பிடுவது அதற்குச் செய்யும் துரோகம்.

எண்ணெய் என்றால் இன்னும் கவனம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறுப்பாக நின்றதை ஊரே பார்த்தது. எண்ணெய் பிடித்த பறவையை நீங்களே சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். அந்தப் பதற்றத்திலேயே அது செத்துவிடும். துணியால் போர்த்தி, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறையிடம் கொடுங்கள்.

கழிமுகத்தில் அலையாத்தி நட்டோம், கன்றும் பிழைக்கவில்லை, உள்ளானும் போய்விட்டது

இதில் இரண்டு பிழைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அலையாத்தி சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல், ஓதம் வந்து வந்து வடியும் இடத்தில்தான் வளரும். அதற்குக் கீழே, நாளின் பெரும்பகுதி நீரில் மூழ்கிக் கிடக்கும் சேற்றில் நட்டால் வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும். சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான், அதனால் ஒரு முழம் உயரம் தவறினாலும் மொத்த நடவும் போகும். ஆனால் நடுபவர்களுக்கு வசதியாகக் கிடைப்பது திறந்த சேற்றுவெளி. "சும்மா கிடக்கிறது" என்று அங்கேதான் நடுகிறார்கள்.

அந்தச் சேறு சும்மா கிடக்கவில்லை. சைபீரியா போன்ற வடபுலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் உள்ளான்களின் சாப்பாட்டு மேசை அது. புழு, சிறு நண்டு, சிப்பி எல்லாம் அதற்குள். நாலாபுறமும் பார்வை திறந்திருந்தால்தான் வல்லூறு வருவது தெரியும், அதனால் மரம் அடர்ந்த இடத்தில் அவை இறங்காது. அலையாத்தி முன்பு நின்ற வாய்க்கால் ஓரங்களில், வெண்கண்டல் ஏற்கெனவே நிற்கும் இடத்தை ஒட்டி நடுங்கள். சேற்றுவெளியைச் சேற்றுவெளியாகவே விடுங்கள்.

உள்ளான் வராததற்குச் சேறே செத்துப்போனதும் காரணமாக இருக்கலாம். சோதிப்பது எளிது. நீர் இறங்கிய நேரத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு மண்வெட்டி சேறு எடுத்து, பழைய கொசுவலையில் போட்டு நீரில் அலசுங்கள். புழுவும் நண்டுக் குஞ்சும் நெளிந்தால் இடம் உயிரோடு இருக்கிறது. சாம்பல் நிறத்தில் மாவு மாதிரிக் கரைந்து ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது அனல் மின் நிலையச் சாம்பல். அதன் மேல் எதை நட்டாலும் பயனில்லை. சாம்பலை அகற்றி, அடைபட்ட வாய்க்காலைத் திறந்து, கடல்நீர் உள்ளே போய்வர விடுவதுதான் மருந்து. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் பக்கம் கையால் இறால் பிடிக்கும் அண்ணன்மார்களிடம் கேளுங்கள். எந்த இடத்தில் இறால் நின்றதோ அங்கேதான் பறவையும் நின்றது என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். அந்த வரைபடம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

ஓதம் ஏறும்போது பறவைகள் எங்கே ஒதுங்கும் என்பதையும் மறக்காதீர்கள். அத்திப்பட்டுப் பக்கத்துப் பழைய உப்பளங்கள் அந்த வேலையைச் செய்தன. கைவிடப்பட்ட பாத்தி ஏதாவது மிச்சமிருந்தால் அதில் ஐந்து பத்து செ.மீ. நீர் நிற்க வைத்து, வரப்புகளை வெறுமையாக வைத்திருப்பது, புதிதாக எதையும் கட்டுவதைவிடப் பெரிய உதவி. சீமைக்கருவேலத்தை எடுப்பதும் நல்லதுதான். ஆனால் வக்காக்களும் கொக்குகளும் அதில் அடைந்துகொண்டிருந்தால் ஒரே நாளில் மழிக்காமல், மாற்று மரம் வளர வளரப் பகுதி பகுதியாக எடுங்கள்.

பறவை வந்துவிட்டது, அக்கம்பக்கத்தார் எச்சம் நாறுகிறது என்று மரத்தை வெட்டச் சொல்கிறார்கள்

குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். மரத்தடியில் வண்டி நிறுத்தும் இடத்தை மாற்றி, அந்த மூலைக்கு ஒரு தார்ப்பாய் கட்டினால் பாதி சண்டை தீர்ந்துவிடும். மாநகராட்சி ஆட்கள் கிளை கழிக்க வருமுன் கூடு இருப்பதை வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் சரியாகவில்லை

அப்படியும் உண்டு. குருவிக்குக் கூடு, மைனாவுக்குப் பெட்டி, ஏரிக்குத் திட்டு, இவை நம் கையால் முடிந்தவை. கொசஸ்தலை ஆறும் கடலும் சேர்ந்து நெடுங்காலமாகப் படியவைத்த சேற்றுவெளியை எந்த நிறுவனமும் வேறொரு ஊரில் செய்து தர முடியாது. "இங்கே எடுத்துக்கொள்கிறோம், அங்கே ஈடு செய்கிறோம்" என்று திட்ட அறிக்கை சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த மாற்று இடத்தில் இப்போது என்ன பறவை இருக்கிறது, அவை எங்கே போகும்? பழைய இடத்தில் ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவத்திலும், கணக்கெடுத்தீர்களா? மாற்று இடத்தில் பறவை வந்து தங்கியது உறுதியான பிறகுதான் இங்கே மண் கொட்டுவீர்களா? மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வராவிட்டால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். பொது விசாரணையில் மீனவர்களும் பறவை பார்ப்பவர்களும் ஒன்றாகப் போய் நின்றால் இரண்டு பேருக்கும் பலம்.

அதற்குக் கையில் கணக்கு வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். உங்கள் தெரு, உங்கள் ஏரி, உங்கள் கழிமுக மூலையை அதில் பதிவு செய்யுங்கள். ஒன்றும் வராத நாளையும் எழுதுங்கள். மாட்டிய கூட்டுக்கு ஒரு எண் கொடுத்து, மாட்டிய தேதி, முதலில் எட்டிப் பார்த்த தேதி, முட்டை, குஞ்சு என்று ஒரு நோட்டில் வையுங்கள். இரண்டாவது பருவமும் முடிந்து அந்த எண்ணுக்கு நேரே ஒன்றும் இல்லையென்றால் கூட்டைக் கழற்றி, குருவி இருக்கும் தெருவில் ஒரு கடைக்காரரைக் கேட்டு அங்கே மாட்டிவிடுங்கள்.